குறி தவறாத குண்டு

அன்புள்ள மதோகாவுக்கு,

பக்கத்துப் பண்ணை ஃபுமியே அத்தை எழுதுவது. ஒசாகாவில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரி உறைந்துவிட்டது. மாடுகள் குளிருக்குப் பழகிவிட்டன, நான்தான் இன்னும் பழகவில்லை. உருளைக்கிழங்குப் பெட்டி வந்து சேர்ந்ததா? அடியில் இருக்கும் பொட்டலம் மான் தொடை. இஞ்சி தட்டிப் போட்டு மெதுவாக வேகவை. உன் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், அந்தக் கவலை வேண்டாம்.

அந்த மானைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா தொகுஜி அண்ணனும் நானும் பழைய மேய்ச்சல் நிலத்துக்குப் போயிருந்தோம். வழக்கம்போல நான்தான் வண்டி ஓட்டினேன். முழங்கால் வலி என்று போன குளிர்காலத்திலிருந்தே சாவியை என்னிடம் கொடுத்துவிடுகிறார். மரங்களின் ஓரத்தில் பெரிய கொம்புள்ள ஆண் மான் ஒன்று நின்றது. அண்ணன் சுட்டார். மான் முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டவன் ஓடுவதுபோல ஓடியது. அப்படி ஓடினால் குண்டு எங்கே பட்டிருக்கும் என்பது எனக்கே தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியாதா? ஆனால் அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குறி தவறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். பனியில் வயிற்று முடி கிடந்தது. பக்கத்திலேயே கறுத்த ரத்தம், அதில் அரைபட்ட புல். அவருடைய பூட்ஸை ஒட்டிக் கிடந்தது, மதோகா. கையால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க, ஃபுமியே? ஒண்ணுமில்லையே" என்றார்.

பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஏன் என்றுதான் பிடிபடவில்லை. இழுத்துவரச் சோம்பலா? நான் போனபின் தனியாக வந்து கொம்பை எடுத்துக்கொள்ளும் எண்ணமா? அடிபட்ட மிருகத்தைக் காட்டில் விட்டுவந்தவனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று வேட்டைச் சங்கக் கூட்டத்தில் சத்தம் போட்டவர் அவர். அப்படியே விட்டால் கரடி வரும், அடுத்து என் தொழுவத்துக்கு வரும் என்றேன். சரி என்றார், ஆனால் மனமில்லாமல்.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. அது எங்கேயாவது படுக்கட்டும் என்று காத்திருந்தோம். குடுவைத் தேநீரைக் குடித்தோம், சோற்று உருண்டை தின்றோம். நான் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு தடம் பிடித்தோம். அங்கேதான் இன்னும் சந்தேகம் வந்தது. எப்போதும் முன்னால் போகிறவர் அன்று என் காலடியிலேயே கால் வைத்து வந்தார். ரத்தத்தைக் கடந்து போவார், நான் நின்றால் நிற்பார். வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். ஆமாம், வலப்பக்கம்தான் என்றார். ஒரு துளியும் அங்கே இல்லை. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபம் வந்தது.

ஓடைக்குப் பக்கத்தில் குட்டை மூங்கில் புதர் அடர்த்தியாக இருந்தது. மான் அதற்குள் போயிருந்தது. எழுந்தால் மேட்டுப் பக்கம் ஓடும், நீங்கள் மேலே நில்லுங்கள், நான் குரல் கொடுக்காமல் சுடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். கொம்பு முதலில் தெரிந்தது. தலையைத் தூக்க ஒருமுறை முயன்றது, அவ்வளவுதான். கண்ணைத் தொட்டுப் பார்த்தேன், அசைவில்லை. மண்டியிட்டிருந்தவள் எழுந்து நிமிர்ந்தேன்.

மேலே துப்பாக்கியில் குண்டை ஏற்றும் சத்தம் கேட்டது. திரும்பினேன். உன் அப்பா தோளில் துப்பாக்கியை வைத்துக் குழாயை என் பக்கம் நீட்டியிருந்தார். நடுவில் ஒரு மரம்கூட இல்லை. நான் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தேன், மதோகா. பனியில் அந்த நிறம் அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குழாய் உடனே இறங்கவில்லை, கொஞ்சம் தயங்கித்தான் இறங்கியது. "மான் எழுந்திரிச்சிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோலப் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

துப்பாக்கித் தொலைநோக்கியின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்று அவராகச் சொன்னார். அப்புறம் இறங்கிவந்து மானை அறுத்தார். கத்தி எங்கேயும் பிசகவில்லை. கை தானாக வழி தேடிப் போயிற்று. குடலைக் கிழிக்காமல் எடுத்தார். அதைப் பார்த்தபோது, நான்தான் ஏதேதோ கற்பனை செய்கிறேனோ என்று மறுபடி குழம்பினேன். ஆனால் வண்டியில் திரும்பும்போது, "புள்ளைகிட்ட சொல்லிடாத, ஃபுமியே" என்றார். ஆவி படிந்த கண்ணாடிக்காக யாராவது அப்படிக் கேட்பார்களா?

இறைச்சியை அவர் சமையலறையில் வைக்கப் போனேன். அடுப்பின் குமிழ்களில் விரலால் தடவினாலே தெரியும்படி தடித்த வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். ஒட்டின விதம் நேர்த்தியாக இருந்தது, அவர் கைவேலை அல்ல. கோடையில் நீதான் வந்திருந்தாய். அவரைப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற குஷிரோ நகரத்துக்கு அழைத்துப் போனதும் நீதான். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, சாப்பிடத்தான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. உன்மேல் பழி போடவில்லை. அவர் பார்வை மங்கிவருவது உனக்கு முன்பே தெரியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

வேட்டைக் காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. நான் உடன்போக மறுத்துவிட்டேன், இடுப்பு வலி என்று பொய் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. நேற்று தனியாகப் போவதாகச் சொல்லிக்கொண்டு துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார். உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஓடைக் கரை வழியாக மக்கள் வருகிறார்கள். காவல் நிலையத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே துப்பாக்கி போய்விடும். அதோடு என் முகத்தில் அவர் விழிக்கவும் மாட்டார். நீ கேட்டால் அவரே கொண்டுபோய் ஒப்படைப்பார். அதற்காகத்தான் இந்த வாரம் முழுக்க வாயை மூடியிருக்கிறேன். இதற்குமேல் மூடியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

பதில் எழுத வேண்டாம், புறப்பட்டு வா. வருவதாக அவரிடம் சொல்லாதே. வாசலில் வெளிச்சத்தில் நின்று, எதுவும் பேசாமல் அவர் முகத்தைப் பார். யார் என்று அவர் கேட்டுவிட்டால், கோபப்படாமல் அப்பா என்று மட்டும் கூப்பிடு.

நீ பத்திரமாக வந்துசேர வேண்டும். சாலையெல்லாம் பனிக்கட்டி.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
ஃபுமியே அத்தை