ஒன்றரைக் கட்டை கீழே

பூனாகலை
02.02.2025

அன்பின் நௌபர்,

போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். காலைக் குளிர் மட்டும் முழங்காலைப் பிடிக்கிறது. தெஹிவளைப் புழுக்கத்தில் இருக்கும் உனக்கு அதுகூடப் பொறாமையாக இருக்கும்.

பண்டாரவளை வாசகர் வட்டம் ஒரு மலர் போடுகிறது. நம்முடைய 'மிஸ்டி பாய்ஸ்' பாட்டுக் குழுவைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆபிசில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் கிட்டார் வாசித்தவனுக்கு இரண்டு பக்கம் அதிகம் என்றேன். "இருபத்தேழு வருஷம் வாசிச்சிருக்கீங்க. வருஷத்துக்கு ரெண்டு வரி எழுதினாலே ரொம்பிடுங்க" என்றார்கள்.

கொஸ்லந்த திருவிழாவைத்தான் முதலில் எழுதினேன். தேயிலைக் கொழுந்து லொறியை மேடையாக்கி வாசித்தோமே, அது. நாலு மணிக்குக் கொழுந்து ஏற்ற வேண்டுமென்று டிரைவர் லொறியை எடுத்துக்கொண்டு போக, மபாஸ் டிரம்ஸை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனான். சனமெல்லாம் கைதட்டியபடி லொறிக்குப் பின்னால் ஓடிவிட்டது. கீழே இறங்கியிருந்த நீயும் நானும் வெறும் ரோட்டில் நின்றோம். அது எந்த வருஷம், எண்பத்தாறா, ஏழா? பாடகரான உன்னைப் பற்றி என்ன எழுதட்டும் என்றும் சொல்.

உன் ஸகீனாவை என் வீட்டுக்காரி விசாரித்தாள்.

உன் பழைய கிட்டார்காரன்,
ஜெயகுமார்

*

தெஹிவளை
11.02.2025

அன்பின் ஜெயா,

உன் கடிதத்தை ஸகீனாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். லொறி புறப்பட்ட இடத்தில் சிரித்துத் தேத்தண்ணீரைச் சிந்திவிட்டாள். அது எண்பத்தேழு. அன்றைக்கு வாப்பா ஹார்ட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் நின்றார். வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் பாடுறாய். ஆணி நிறுக்கிற நேரத்தில மட்டும் பாடாதே" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

என்னைப் பற்றி உண்மையையே எழுது. 'நல்ல குரல், மேலே மட்டும் போகாது.' அதைக் கண்டுபிடித்தவன் நீதானே. "மச்சான், மேல போனா ஒன் கொரல் கிழியுது, ஒன்றரைக் கட்டை எறக்கிக்குவோம்" என்று நீ சொல்லாதிருந்தால் எத்தனை மேடையில் மானம் போயிருக்கும்.

அந்தப் பாடம் இப்போது வீட்டுக்கும் உதவுகிறது. மகள் றிஸ்னியின் பிள்ளை ஷம்ராவைத் தமிழ்த் தினப் போட்டியில் தனிப்பாட்டுக்கு எடுத்திருந்தார்கள். டீச்சர் சுருதியை உயர்த்திப் பாடச் சொன்னாராம். ஷம்ராவைக் கூப்பிட்டு, "மகள், எங்கட தொண்டை மேல போகாது. சபையில வெக்கப்படாதீங்க" என்றேன். பெயரை வெட்டிவிட்டு வந்துவிட்டாள். இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வளர்ந்த பிறகு நன்றி சொல்வாள்.

என்றும் கீழ்ச் சுருதியில்,
நௌபர்

*

பூனாகலை
15.02.2025

அன்பின் நௌபர்,

ஷம்ராவின் பெயரைத் திரும்பக் கொடுக்கச் சொல். முதலில் அதைச் செய்துவிட்டு மீதியை வாசி.

உன் தொண்டையில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை என் விரலில். உன் சுருதிக்கு வாசிப்பதென்றால் ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்த வேண்டும். எனக்கு அது ஒரு நாளும் வரவில்லை. அழுத்தினால் தகரத்தைத் தட்டின சத்தந்தான் வந்தது. ஒன்றரைக் கட்டை இறக்கினால் அந்தப் பிடியே தேவையில்லை. முதல் ஒத்திகையில் வெட்கத்தில் உன் குரலைக் குறை சொன்னேன். நீ உடனே நம்பினாய். பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்றில் ரேடியோவில் பாடத் தெரிவு நடந்தபோது நீ வாங்கிவந்த விண்ணப்பத்தை, "மேல போகாத தொண்டைக்கு இது எதுக்கு" என்று பண்டாரவளை ஸ்டேஷனில் கிழித்தாய். நான் பக்கத்திலேயே நின்றேன். உனக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

இன்னும் கேள். போன டிசம்பரில் எல்ல ஊரில் என் மகன் ஜீவன் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கிட்டார் வாசித்தாள். கிட்டாரின் கழுத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து றப்பர் பேண்டால் இறுக்கியிருந்தாள். விரலுக்குப் பதில் பென்சில் கம்பிகளை அழுத்துகிறது. எந்தச் சுருதிக்கும் அதைத் தள்ளி வைத்தால் சரி. நௌபர், இருபத்தேழு வருஷமும் என் காதில் பென்சில் செருகியிருந்தது. செக்ரோல் பதிவேட்டைக் கட்டும் றப்பர் பேண்ட் கையில் கிடந்தது.

ஷம்ராவின் கதை வராவிட்டால் இதைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. மன்னிப்பாயா என்று கேட்கத்தான் ஆசை.

ஜெயகுமார்

*

பூனாகலை
05.03.2025

அன்பின் நௌபர்,

இப்போதெல்லாம் தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். பொறுக்காமல் நேற்றுப் போன் எடுத்தேன். ஸகீனாதான் பேசினார். "கோவமாத்தான் இருக்காரு அண்ணே. நோன்பு தொறக்கிற நேரத்துக்கு மட்டும் மேசைக்கு வந்துடுறாரு" என்றார். பிள்ளையின் விசயத்தைக் கேட்டேன். "அதை அவரே எழுதட்டும்" என்று வைத்துவிட்டார்.

மலருக்குக் கட்டுரை கொடுக்க இன்னும் இரண்டு கிழமைதான். உன்னைப் பற்றிய பந்தியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.

ஜெயகுமார்

*

தெஹிவளை
12.03.2025

அன்பின் ஜெயா,

முதலில் பிள்ளையின் கதை. உன் கடிதம் வந்த அன்றே பாடசாலை வாசலில் போய் நின்றேன். டீச்சர் சிரிக்கவே இல்லை. "பெரியவங்க சொன்னா பிள்ளைங்க நம்பும். அதுதான் கரைச்சல்" என்று சொல்லிப் பெயரைத் திரும்ப எழுதிக்கொண்டார். நோன்புக்கு முந்திய கிழமை போட்டி. மேலே போகும் இடத்தில் நான் முன் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். ஷம்ரா போனாள். போய், அங்கேயே கொஞ்சம் நின்று, ஆறுதலாக இறங்கி வந்தாள். இரண்டாம் இடம். நடுவர்களோடு ஸகீனா வீட்டிலிருந்தபடியே இன்னும் சண்டை பிடிக்கிறாள்.

அன்று பின்னேரம் நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். காய்கிற உடுப்புகளுக்கு நடுவில் நின்று என் சரியான சுருதியில் பாடிப் பார்த்தேன். இரண்டு காகம் பறந்தது. "யாருக்கு என்ன நடந்த?" என்று ஸகீனா கீழே இருந்து கத்தினாள். குரல் கிழிந்துவிட்டது. அறுபத்தாறு வயதில் கிழிந்தது உன் குற்றமில்லை. முப்பத்திரண்டில் கிழிந்திருக்குமா என்று இனி யாருக்கும் தெரியாது. அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்தான் எழுதவில்லை.

நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் பதுளையிலிருந்து நல்ல விரலுள்ள ஒருவனைப் பிடித்திருப்போம். அதையும் நினைத்துப் பார்த்தேன். லொறி போன பிறகு அவனோடு நின்று அப்படிச் சிரித்திருக்க மாட்டேன் என்றுதான் பட்டது.

வெறுமையாக விட்ட இடத்தில் இதை எழுது: 'பாடகர் நௌபரின் குரலில் குறை இல்லை. குறை கிட்டார்காரரின் விரலில்.' கீழே உன் முழுப் பெயரைப் போடு. ஷம்ரா வாசிக்க வேண்டும்.

பெருநாள் கழித்து ஏப்ரல் ஐந்தாம் திகதி கோச்சியில் பண்டாரவளைக்கு வருகிறோம். ஷம்ராவுந்தான். நான் விண்ணப்பம் கிழித்த அதே ஸ்டேஷனுக்குக் கிட்டாரோடு வா. அவள் தன் சுருதியில் பாடுவாள். நீ இறக்கக் கூடாது.

மன்னித்தேனா என்பதை நீ வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். பென்சில் நான் கொண்டுவருகிறேன். றப்பர் பேண்ட் உன் பொறுப்பு.

நௌபர்