இன்னொருத்தியின் வழக்கு

செப்டம்பர் 9, திங்கள்

லீட்ஸ் சட்ட நிறுவனத்திலிருந்தும் மறுப்பு வந்துவிட்டது. "இம்முறை போட்டி மிகக் கடுமையாக இருந்தது." அது ஒரு காரணமா? பயிற்சி வழக்கறிஞர் இடம் கேட்டு இந்த ஆண்டு எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! இன்ன குறை உன்னிடம் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சட்டப் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்து வாங்கினேன். தகுதித் தேர்வுகளில் முதல் முயற்சியிலேயே தேறினேன். வழக்கறிஞர் ஆக இனி இரண்டு ஆண்டு சட்ட வேலை பார்த்தாக வேண்டும். வேலை கேட்டுப் போனால் முன் அனுபவம் எங்கே என்கிறார்கள். அனுபவம் என்ற இடத்தில் நான் என் சொந்த வழக்கைத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முதுகு போகும்வரை உழைத்தேன், போனதும் வெளியே தள்ளினார்கள், வக்கீல் வைக்காமல் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் நானே வாதாடி ஜெயித்தேன். இதைவிட என்ன அனுபவம் வேண்டும்?

கோர்டன் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "வேலை கேக்குற மாதிரியே இல்ல ஏவ்ரில். சம்மன் அனுப்புற மாதிரி இருக்கு" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி லீட்ஸுக்குக் கடிதம் போட்டேன். கெடுவும் குறிப்பிட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

செவ்வாய்தோறும் போகும் இலவசச் சட்ட மையத்தில் இன்று ஒரு செய்தி. புத்தாண்டிலிருந்து அங்கே ஒரே ஒரு பயிற்சி இடம் வரப்போகிறதாம். அங்குள்ள வழக்கறிஞர் ஷப்னம்தான் சொன்னாள். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள். மூச்சு விடாமல் பேசுவாள், ஆனால் வேலையில் பிழை இருக்காது.

"நீங்க போடுங்க ஏவ்ரில். நேர்காணல் குழு முடிவு பண்றதுதான், என் கையில ஒண்ணும் இல்ல. ஆனா போடுங்க."

"அனுபவம் போதாதுன்னு சொல்வாங்க."

"அப்ப இதைப் பிடிங்க" என்று ஒரு கோப்பை நீட்டினாள். லிண்ட்சி என்ற பெண்ணுடையது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். கர்ப்பம் என்று சொன்ன மாதமே வேலை போய்விட்டது. தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிவாகிவிட்டது, இனி நடத்த வேண்டும். "எல்லாம் என் மேற்பார்வையிலதான். தனியா எதுவும் அனுப்பிடாதீங்க."

என்னை என்ன குழந்தை என்று நினைத்தாளா?

அக்டோபர் 1, செவ்வாய்

லிண்ட்சி வந்தாள். தள்ளுவண்டியில் கைக்குழந்தை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். மேலாளர் இவள் வயிற்றைக் காட்டி, "அடுப்புல வேற ஒண்ணு வேகுது போல" என்றானாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். இந்த வழக்கில் விட மாட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பிராட்ஃபோர்டில் ஒரு சட்ட நிறுவனத்தில் நேர்காணல். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த ஒரே அழைப்பு. எதிரே ஒரு ஆணும் ஒரு பெண்ணும்.

"இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எந்த நிலையில பாக்குறீங்க?"

"அறுபத்தாறு வயசுல" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். அந்த ஆள் சிரிக்கவில்லை. பிறகு இருவருமே கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

வயதைக் காட்டி ஒதுக்கினால் வழக்குப் போட முடியும். இரவுச் சாப்பாட்டின்போது கோர்டனிடம் சொன்னேன். மீன் வறுவலில் வினிகர் ஊற்றிக்கொண்டே, "இடம் தராதவங்க மேல எல்லாம் கேஸ் போட்டா, அப்புறம் எவன்டி இடம் தருவான்?" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று நல்ல நாள். நெடுநாளாக இப்படி ஒரு நாள் வரவில்லை.

மதியம், விசாரணைக்கு முன்பே இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைக்கும் சமரச அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். முதியோர் இல்லம் இறங்கி வந்திருக்கிறது: வழக்கை வாபஸ் வாங்கினால் மூன்று மாதச் சம்பளமும் நல்ல வேலைச் சான்றும் தருவார்களாம். ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஷப்னம் தீர்ப்பாயத்தில் இருந்தாள். லிண்ட்சியைக் கூப்பிட்டேன், தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரியைக் கூப்பிட்டு, "இது அவமானம். எங்களுக்கு வேண்டாம். விசாரணையில பாத்துக்கலாம்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது முதுகு வலிக்கவே இல்லை.

அக்டோபர் 23, புதன்

ஷப்னம் காலையிலேயே வரச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

"யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னீங்க?"

"அது ரொம்பக் குறைவு ஷப்னம்."

"குறைவுதான். நான் அதைக் கேக்கல."

லிண்ட்சியைக் கேட்டேனா? கிடைக்கவில்லையே! ஐந்து மணி என்றார்களே! சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்தது, அவள் குரல் உயரவில்லை. கெடு நீட்டிக் கேட்டிருக்கலாமே என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை?

எதிர்த்தரப்பு சலுகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாம்.

"லிண்ட்சிகிட்ட நீங்களே சொல்லணும். இன்னைக்கே. நடந்ததை நடந்தபடி. வேற வக்கீல்கிட்ட போய் யோசனை கேக்கலாம்னும் சொல்லணும். தப்பு நடந்தா வாடிக்கையாளர்கிட்ட மறைக்கக் கூடாதுங்கறது நம்ம தொழில் விதி. உங்களுக்குத் தெரியும், தேர்வுல எழுதியிருக்கீங்க."

எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண்.

மிக்ஸண்டனில் இருக்கும் லிண்ட்சியின் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். லிண்ட்சி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"சான்றும் தரேன்னாங்களா?"

"ஆமா."

"ஸ்கூல் சமையலறையில வேலை இருக்குன்னு கூப்பிட்டிருக்காங்க. கடைசி முதலாளிகிட்டேர்ந்து சான்று கொண்டா, சேத்துக்கறோம்னாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"கேட்டீங்களா என்னை?"

உள்ளேயிருந்து அவள் அம்மா, "குளுர்ல நிக்க வெச்சுப் பேசாதடி, டீயாவது குடு" என்றாள்.

"டீ எதுக்கும்மா? இவங்களுக்கு நியாயம்தான் வேணுமாம். அதையே குடிக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள்.

அக்டோபர் 24, வியாழன்

இப்போதும் சொல்கிறேன், விசாரணைக்குப் போனால் இரண்டு மடங்கு வாங்குவோம். என் கணக்கு தப்பாது.

கோர்டன் தட்டு கழுவிக்கொண்டே, "உன் கேஸ்லயும் அவங்க முதல்ல தரேன்னது, நீ ஜெயிச்சு வாங்கினதைவிட அதிகம்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. இன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

"ஆனா அவங்க பண்ணது தப்புன்னு எழுத்துல இருக்கு."

"இருக்கு. மாடிப்படி சுவத்துல மாட்டியிருக்கு. தூசி தட்டுறது நான்தான்."



அக்டோபர் 25, வெள்ளி

லிண்ட்சி வேறு வக்கீலிடம் போகவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டாளாம். பணம் குறைந்தாலும் சரி, சான்று வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று ஷப்னமிடம் சொல்லியிருக்கிறாள்.

ஷப்னம் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினாள். "பேசுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

சமரச அதிகாரியிடம் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை நான் சொன்ன பதில் எங்க வாடிக்கையாளரோட பதில் இல்ல. அவங்களைக் கேக்காம சொல்லிட்டேன்." "குறிச்சுக்கறேன்" என்றார். எந்தச் சலுகையை அவமானம் என்றேனோ, அதையே திரும்பத் தருவார்களா என்று கேட்டேன். நானா? நான்தான்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

சான்று தருகிறார்கள். சம்பளம் இரண்டு மாதம்தான். லிண்ட்சி சரி என்றுவிட்டாள்.

ஒரு மாதச் சம்பளம் என்னால் போனது. அதை எந்தப் பக்கம் திருப்பி எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

நவம்பர் 14, வியாழன்

மையத்தின் நேர்காணல். மூன்று பேர். ஷப்னம் குழுவில் இல்லை, நல்லவேளை. அனுபவத்தைப் பற்றிக் கேட்டார்கள். லிண்ட்சி வழக்கைச் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்து. பெயரை மட்டும் சொல்லவில்லை.

தலைவராக இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மூணு மாசச் சம்பளம் போதும்னு இப்ப நினைக்கிறீங்களா?"

"இல்ல. அன்னைக்கும் போதாது, இன்னைக்கும் போதாது. ஆனா அதைச் சொல்ல வேண்டியவ நான் இல்ல."

வேறு எதுவும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா?

நவம்பர் 20, புதன்

இடம் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவனுக்குப் போய்விட்டது. இரண்டு கோடை விடுமுறையில் பெரிய சட்ட நிறுவனங்களில் வேலை பழகியவனாம். கோடை விடுமுறையில் நான் மற்றவர்களின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை போவேனா? போவேன். ஏன் போகக்கூடாது?

நவம்பர் 26, செவ்வாய்

போனேன். வாடகை பாக்கிக்காக வந்த ஒரு தம்பதிக்குக் கடிதம் எழுதினேன். முதலில் ஒரு மாதிரி எழுதினேன், அவர்கள் வேறு மாதிரி கேட்டார்கள், கிழித்துவிட்டு அவர்கள் கேட்டபடி எழுதினேன்.

டிசம்பர் 12, வியாழன்

ஷப்னம் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தப் பையனுக்கு மான்செஸ்டரில் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். வரவில்லையாம்.

"குழு வரிசையில அடுத்த பேர் உங்களோடது. ரெண்டாவது. மறைக்காம சொல்றேன்."

"ரெண்டாவது."

"ஆமா. வர்றீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சமையலறையிலிருந்து கோர்டன், "யோசிக்கிறாளாம்! அந்த ஃபோனை இங்க குடு, நான் சொல்றேன்" என்று ஈரக் கையோடு ஓடி வந்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஷப்னமோடு லீட்ஸ் தீர்ப்பாயம். வாசலில் இருந்த ஊழியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ் போட்டவங்கதானே? உங்க காத்திருப்பு அறை இடது பக்கம்மா" என்றார். கேஸ் போட்டவர் என் பின்னால் நின்றிருந்த டென்சில், கிடங்கில் பாரவண்டி ஓட்டுபவர். நான் அவர் தரப்புப் பயிற்சி வழக்கறிஞர் என்று சொன்னேன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மதிய இடைவேளையில் எதிர்த்தரப்பு வக்கீல் நடைவழியில் என்னிடம் வந்து, நிறுவனம் தரத் தயாராக இருக்கும் தொகையைச் சொன்னார். கேட்டதும் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அறைக்குள் ஷப்னமும் டென்சிலும் இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, தொகையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். டென்சில் சாண்ட்விச்சை மென்றுகொண்டே ஜன்னலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் குறுக்கிடாமல் உட்கார்ந்திருந்தேன். லேசில் முடிகிற காரியம் இல்லை அது.

பிறகு மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்றார்.

ஷப்னமைப் பார்த்தேன். தலையசைத்தாள்.

அவர் கேட்டார். அதனால் சொன்னேன்.