சிறுத்தைக்குப் பிடித்த அத்தர்

அத்தாவுக்கு சாஹிலின் ஸலாம். முட்டிவலி தேவலையா? தாம்பரம் கடையில் ஸ்டூல் மேல் ஏறி அத்தர் பாட்டில் எடுக்காதீர்கள்.

இங்கே கென்யாவில், விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் கேமராக்களை மரங்களில் கட்டுகிறோம். "ஜும்மாவுக்கு அத்தர் பூசாம போவாதடா" என்பீர்களே, அப்படியே பூசித் தொழுதுவிட்டு, நேராகப் போய் ஒரு கேமராவைக் கட்டினேன். மறுநாள், எதிர் மரத்துக் கேமரா எடுத்த படத்தில் ஒரு சிறுத்தை நான் கட்டியதில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. பயப்படாதீர்கள், நான் அப்போது முகாமில் இருந்தேன். வாசனை விலங்குகளை இழுக்கும் என்று அத்தருக்குத் தடை போட்டுவிட்டார்கள். பாட்டிலைத் திறப்பதே இல்லை. யாராவது வந்தால் வாசனையில்லாத சோப்பு கொடுத்தனுப்புங்கள்.

ஜீப் வந்துவிட்டது. அந்தப் படத்தில் சிறுத்தை கண்ணை மூடிக்கொண்டு நம் கடையை முகர்கிறது, அத்தா. எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாஹில்