கர்னலைக் கேள்வி கேட்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுதான் இரண்டு நாளாக ஒரு நிலையில் இல்லை. உனக்குக் காலில் இருந்த கொப்புளம் ஆறியிருக்கும், நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தம்பிக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று எனக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ வக்கீலுக்குப் படித்தபோது இங்கே கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நிற்பாய் என்று நினைத்தேன். ராணுவத்திலேயே வக்கீலாகப் போகிறேன் என்றாய், சரி என்றேன். பயிற்சி முடிந்து அதிகாரி உடையில் நீ வீட்டுக்குள் வந்த அன்று என்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், நீயும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். காலமெல்லாம் ராணுவ லாரி ஓட்டினவனுக்கு வேறென்ன வரும். அதனால்தான் முந்தாநாள் போனில், உன் முதல் வழக்கில் ஒரு சிப்பாய்க்காக நின்று அவனுடைய கர்னலையே குறுக்கு விசாரணை செய்யப்போகிறேன் என்று நீ சொன்னதும் பயந்துவிட்டேன். நேற்றுச் சேர்ந்த பெண் நீ, அவர் நினைத்தால் உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார், அடக்கி வாசிம்மா என்றேன். நீ "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டாய். உன்னுடைய சரிப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா.

நேற்று அம்மாதான் வாயைத் திறந்தாள். அந்தப் பையன் லாரி டிரைவராம். பிரேக் சரியில்லை என்று அவன் சொல்லியும் கர்னல் எடுத்துக்கொண்டு போ என்றாராம், இவனும் போனானாம், வளைவில் வண்டி கவிழ்ந்து பின்னால் இருந்தவனுக்குக் கால் போய்விட்டதாம், இப்போது பழி முழுக்க இவன் தலையில். "உங்ககிட்ட சொன்னா தூங்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டா. இவ கேக்கலேன்னா அந்தப் பையனுக்கு வேற யாரு இருக்கா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, உன்மேல், அம்மாமேல், யார்மேல் என்று தெரியாமல் எல்லோர்மேலும். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்து, குழாயையும் நானே கழற்றி இன்னும் கெடுத்து வைத்திருக்கிறேன். அந்த மாதிரி வண்டிகளை நானும் ஓட்டியிருக்கிறேன் மகளே. போ என்றால் போவோம், அவ்வளவுதான். என் வண்டி ஒழுங்காக வந்து நின்றது, அவனுடையது நிற்கவில்லை, அவனுக்கும் எனக்கும் இதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

அதனால் போனில் சொன்னதை விட்டுவிடு. சல்யூட் அடிக்க வேண்டிய இடத்தில் அடி, மரியாதை குறையாமல் கேள், ஆனால் பதில் வராமல் உட்காராதே. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது. என் பயத்துக்காக நீ வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

ஓடும்போது முட்டிக்கு உறை போட மறக்காதே. ஒரு குறையும் வராமல் நீடூழி நன்றாக இரு. தீர்ப்பு எப்படி வந்தாலும் என்னிடம் நேராகச் சொல், அம்மா வழியாக வேண்டாம். அந்தப் பையனைப் பார்த்தால், பழைய டிரைவர் ஒருத்தர் நலம் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா