டைகருக்கு மருந்து

கரமனை,
ஜூலை 1952

அத்தானுக்கு,

என்னை விசாரிக்க மறந்தாலும் டைகரை விசாரிக்க நீங்கள் மறப்பதில்லை. இந்தக் கடிதம் அவனைப் பற்றித்தான்.

தெருநாயோடு சண்டை போட்டதில் அவன் தொடையில் பட்ட காயம் சீழ் பிடித்துவிட்டது. நான் எவ்வளவு திட்டியும் கேளாமல், பகவதி தன் கையிலிருந்த சிராய்ப்போடு அந்தப் புண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் நாயாம். உங்கள் மகளல்லவா.

மிருக டாக்டர் பெனிசிலின் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியது போலிருந்து மறுபடியும் ஏறியது. "விஷம் ரத்தத்தில கேறியாச்சு அம்மா. இந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்கல்லே. மெட்ராஸ்ல ஆரியோமைசின் கிட்டும், இனி அதுதான் வழி," என்றார். நேற்று பெரியாஸ்பத்திரி டாக்டரும் அதே மருந்தைத்தான் சொன்னார்.

தந்தி அடிக்கத் தம்பானூர் வரை போனேன். அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். தாணுமாலயன் சித்தப்பா இன்றைய வண்டியில் மெட்ராஸ் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மருந்தை வாங்கிக்கொண்டு நீங்களே அடுத்த வண்டியில் புறப்படுங்கள். லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதாதீர்கள்.

டைகரை இன்று காலை கொல்லையில் தென்னை மரத்தடியில் புதைத்தோம். பகவதிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் இந்தக் காய்ச்சல் மயக்கத்தில் அவளுக்குக் கேட்காது.

கடையில் மருந்து நாய்க்கு என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி