இத்தா வீட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள்

கிண்ணியா
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

அன்புள்ள தம்பி றுவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பாய்க்கப்பல் அடுத்த துறைமுகத்தைப் பிடித்திருக்கும். கடலில் உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று துஆச் செய்தேன். தரையில் நீ செய்ததைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இடையில் வெட்டுவாய் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் ஒருநாள் சுற்றுலாவின் ஒழுங்கு எனக்குத் தெரியும். கோணேசர் மலை, கோட்டை வாசல் மான்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், அதன்பிறகு நான். மான்களுக்கு வாழைப்பழம் கொடுத்தாயாம். நல்லது.

மச்சான் என்னையும் மகளையும் விட்டு மௌத்தாகி இரண்டு மாதம். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருக்கிறேன், அந்நிய ஆண்கள் முன் வரமாட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. உன் கப்பல் நண்பர்கள் நாலு வெள்ளைக்காரரோடு வந்தாய். பஸ்மியா வாசலை மறித்து, “மாமா, உம்மா இத்தாவில. இவங்களை உள்ளுக்கு விட ஏலாது” என்றாள். “கிணத்தையும் குசினியையும் காட்டிட்டுப் போயிருவம் மகள்” என்றாய். என் மீன் சட்டியைப் படமெடுத்தார்கள். நல்ல சட்டிதான்.

அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். உங்கள் ஐவரில் அந்தக் கதவைத் திறக்க மார்க்கம் அனுமதித்த ஒரே ஆள் நீ. நீயோ கதவின் மரத்தைக் காட்டினாய். பாலை மரம் என்று தட்டியும் காட்டினாய். என்னைக் கூப்பிடத்தான் தட்டுகிறாய் என்று நான் எழும்பி நின்றேன்.

அதையும் விட்டிருப்பேன். ஆனால் வாடகை வான் வண்டியில் ஏறும்போது சாரதியிடம், “இது எங்கட வீடு. ராத்தாட இத்தா முடியட்டும், கெஸ்ட் ஹவுஸ் ஆக்கப்போறன்” என்றாயே. இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவின் வீடு என் நிக்காஹ்வோடு எனக்கு வந்தது, பஸ்மியாவின் நிக்காஹ்வோடு அவளுக்குப் போகும். நீ ஊரிலேயே இருந்திருந்தாலும் பெண்சாதி வீட்டில்தான் இருந்திருப்பாய். அந்தச் சாரதி, பஸ்மியாவுக்கு மாப்பிள்ளையாகப் பேசியிருக்கும் றிப்தியின் சாச்சா, வாப்பாவின் தம்பி. கிண்ணியாவில் வானில் ஏறிவிட்டு, சாரதி யாருடைய ஆள் என்று விசாரிக்காதவர்கள் உல்லாசப் பயணிகள் மட்டும்தான்.

நேற்று றிப்தியின் உம்மா பல்கீஸ் வந்தா. தேத்தண்ணி குடிக்கவில்லை. “வீட்டுக் கதை ஒண்டு கேள்விப்பட்டம். உங்கட தம்பி சொன்னது உண்மையெண்டா இப்பவே சொல்லிருங்க” என்றா. சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயம். நான் மறுத்ததைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டா. பஸ்மியா கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் இருந்தால் நேரில் போய்ப் பேசியிருப்பார். நான் படி தாண்ட ஏலாது.

ஆகவே உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கசப்பான வேலை எனக்கு இந்த இத்தாவில் வாய்க்கவில்லை. பல்கீஸுக்கு நீயே போன் எடு. வீடு பஸ்மியாவுடையது, அதில் ஒரு ஓடுகூட உனக்கில்லை என்று சொல். நண்பர்களுக்கு முன்னால் பெரிய மனிதனாகக் கதைத்தேன் என்றும் சொல். உடனே நம்புவா.

நிக்காஹ் நடந்தால் தனியாக வா. மாப்பிள்ளையை முற்றத்தில் கைபிடித்து உள்ளே கூட்டிவர, பெண்வீட்டு ஆண் ஒருவர் நிற்க வேண்டும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
வேறு தம்பி இல்லாத ராத்தா,
ஸாலிஹா