பெங்களூரிலிருந்து வந்த கலர் கார்டு

என் பழைய கம்ப்யூட்டரில் நாலு நாளாகப் படம் வரவில்லை. இன்று காலை தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார் கடைக்காரர். புதிய கம்ப்யூட்டருக்கு வழியில்லை, விலை குறைவாக ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்றேன். மேஜையில் இரண்டு டப்பாக்களை வைத்தார். இது என் மெஷினுக்குச் சேருமா என்று கேட்டேன். சேரும் என்றார். மறுபடியும் மறுபடியும் கேட்டேன். இங்கேயே மாட்டிக் காட்டுங்கள் என்றேன். "நாலாவது தடவ கேக்கறீங்கம்மா. முன்ன யாராச்சும் ஏமாத்திட்டாங்களா?" என்று சிரித்தார். ஆமாம் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அதை உன்னிடம் அல்லவா சொல்ல வேண்டும். நீதான் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாயே.

எண்பதுகளின் கடைசியில் பென்னாகரத்தில் உரக்கடை மாடியில் நாம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டர் இன்று யாருக்கும் நினைவிருக்காது. நாம் இரண்டு பேரும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள். உன் மாமா வேலை பார்த்த பெங்களூர் கம்பெனியில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்று, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் காட்டும் மானிட்டர் ஒன்று, அவ்வளவுதான் நம் சொத்து. சேர வந்த முதல் மாணவரின் விண்ணப்பத்தை நான் எழுதினேன். அந்த வாரமே பதினோரு பேர் சேர்ந்தார்கள். "ஒங்கையி ராசியான கையிடி" என்று நீதான் ஆரம்பித்துவைத்தாய். பிறகு மாடிக்குப் புது பெஞ்சு வந்தாலும் என்னைத்தான் முதலில் உட்காரச் சொல்வார்கள்.

எனக்கு அது வெறும் சென்டர் இல்லை. அடுத்த ஈஸ்டர் வரை அப்பா எனக்குத் தவணை கொடுத்திருந்தார். அதுவரை சென்டர் நின்றால் நான் என் காலில் நிற்கலாம். நிற்காவிட்டால் அரூர்ப் பக்கம் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். எத்தனை நாள் உன் தோளில் சாய்ந்து இதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் திரை இருண்டது. சுவிட்சைப் போட்டால் ஒரு நீளக் கூவல், பின்னால் இரண்டு குட்டைக் கூவல். திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளே கார்டு செத்தால் அப்படித்தான் கத்தும் என்று உன் மாமா ட்ரங்க் காலில் சொன்னார். புதுக் கார்டு நமக்கு எட்டாத விலை. பழையது வாங்கலாம் என்று முடிவு செய்தோம். உங்கள் வீட்டில் கன்னடம் பேசுவீர்கள், பெங்களூர்க் கடைகளில் உன்னை ஏமாற்ற முடியாது. அதனால் நீ போவது என்றும், சார்ட்டில் கீபோர்டு வரைந்து நான் வகுப்பை ஓட்டுவது என்றும் ஏற்பாடு. அந்தப் பதினோரு பேரும் காகிதத்தின் மேல் விரலால் தட்டினார்கள். சிரிக்காமல் தட்டினார்கள், பாவம்.

நீ பெங்களூர் போன மறுநாள் காலை வந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த கார்டைப் பிரித்தாய். "கறுப்பு வெள்ள வெலைக்கே கலரு குடுத்துட்டான்டி" என்றாய். எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"நம்ம மானிட்டருக்குச் சேருமான்னு கேட்டியாடி?"

"ரெண்டு தரம் கேட்டேன். சேரும்ன்னான். ஆயித்து, மாட்டு."

உன் வாயில் எப்போதும் வரும் அந்த "ஆயித்து". வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை அதுவரை நான் திறந்ததே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை யாரையும் தொட விடமாட்டாய். அன்றைக்கு மட்டும் அதை என் கையில் கொடுத்தாய். "ஒங்கையி ராசி. நீயே மாட்டு, நீயே போடு." எனக்குப் பெருமையாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்.

கார்டும் மானிட்டரும் ஒரே மாதிரி ஒன்பது ஊசிப் பிளக். அச்சாகப் பொருந்தியது. ஆனால் கலர் கார்டு அனுப்புகிற சிக்னலைப் பச்சை மானிட்டர் தாங்காது என்பது எனக்கு எப்படித் தெரியும்? விசில் மாதிரி ஒரு சத்தம். திரையில் ஒரு மெல்லிய கோடு. பிறகு பின்பக்கத்திலிருந்து கருகின நாற்றம். மாணவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். இன்னொரு மானிட்டர் வாங்க நம்மிடம் என்ன இருந்தது?

சாயங்காலம் அப்பா வந்து யார் மாட்டினது என்று கேட்டார். நீ தரையைப் பார்த்தபடி, "அவதாங்க" என்றாய். அது உண்மைதான். "ராசியில்லாத கையிம்மா. போதும், வூட்டோட இரு" என்றார் அப்பா. ஈஸ்டர் வரைகூட அவர் காத்திருக்கவில்லை. என் கல்யாணத்துக்கு நீ பெங்களூரிலிருந்து வந்தாய், அங்கே உனக்கு வேலை கிடைத்திருந்தது. சென்டர் மூடின பிறகு தேடிப் பிடித்த வேலை என்று நினைத்து நான் உனக்காகச் சந்தோஷப்பட்டேன்.

உன் காரியத்துக்கு வந்தபோது உன் தங்கை எனக்குக் காபி கொடுத்துவிட்டு, சிரிப்புக் கதை சொல்வதுபோல ஆரம்பித்தாள். "அன்னிக்கி அக்கா கார்டு வாங்க மட்டும் போகலங்க. அதே நாளு இன்டர்வியூவும் இருந்துச்சு. முடிய லேட்டாயிடிச்சி, கடை மூடற நேரம். கையில கெடச்சத வாங்கிட்டு பஸ்சுக்கு ஓடியாந்துச்சாம். ஒண்ணுமே கேக்கலயாம். தன் கையால மாட்டப் பயந்துட்டு உங்கள மாட்டச் சொல்லுச்சாம். எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கு தெரியுங்களா?" காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கேட்காமல் வந்தது தப்பில்லை. இன்டர்வியூவுக்குப் போனதும் தப்பில்லை, உனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டுமே. ஆனால் பயந்துகொண்டு என் கையை முன்னால் நீட்ட வைத்தாய் பார், அது துரோகம். வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் நல்ல மனிதர். வாழ்க்கை பாழாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் கிரைண்டர் வந்தபோதும், போர் மோட்டார் போட்டபோதும், மகள் கம்ப்யூட்டர் வாங்கி வந்தபோதும் நான் சுவர் ஓரமாக நின்றேன். முதல் சுவிட்சை வேறு யாராவது போடட்டும் என்பேன். பாதிரியார் வந்து ஜெபித்த எங்கள் வீடு மந்திரிப்புக்கு நீ வந்திருந்தாய். புது வீட்டின் விளக்கைக்கூட நான் போட மறுத்ததைப் பார்த்தாய். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னுமாடி அதையே நெனச்சிட்டிருக்க?" என்று கேட்டாய். சொல்ல வேண்டும் என்றிருந்தால் அதைவிட நல்ல நேரம் உனக்கு ஏது?

"கேக்கலடி, இன்டர்வியூக்குப் போயிட்டேன்" என்று அன்றே சொல்லியிருந்தால் நாலு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் நானே உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். அதுகூட உனக்குத் தெரியவில்லை என்பதுதான் இப்போது வலிக்கிறது. அந்த நாலு நாள் கோபம் இப்போதுதான் என் கைக்கு வந்திருக்கிறது. பேசாமல் இருந்து காட்ட நீ இல்லை.